அந்த மூன்று கிலோ: கொலோவ்கினுக்கு ஒரு திறந்த மடல்

வேர்ல்டு பாக்ஸிங் அமைப்பின் தலைவர் கென்னாடி கொலோவ்கின் அவர்களுக்கு,

வணக்கம்.

வடசென்னையில் ஒரு சின்னக் கூடத்தில் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுப்பவன் நான். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் கடலுக்குப் போய் வந்தவர்களும் சாயங்காலமானால் கிளவுஸ் மாட்டிக்கொண்ட ஊர் இது. அந்தப் பழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. லாஸ் வேகாஸில் நீங்கள் சனிக்கிழமை இரவு ரிங்கில் ஏறினால் எங்களுக்கு அது ஞாயிறு காலை. மெக்ஸிகோ வீரர் கானெலோவோடு நீங்கள் மோதிய மூன்று சண்டைகளையும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பார்த்தேன். 2017இல் முதல் சண்டையை டிரா என்று அறிவித்தார்கள். ஒரு நடுவர் கானெலோவுக்கு 118-110 போட்டிருந்தார் என்று கேட்டதும், ஒரு பையன் எழுந்து வெளியே போய்விட்டான். அரை மணி நேரம் கழித்துத்தான் உள்ளே வந்தான்.

அந்தப் பழைய கணக்கைக் கிளற நான் எழுதவில்லை. 2025 நவம்பரில் நீங்கள் உலக அமைப்பின் தலைவரானதாகச் செய்தி வந்தபோது, ஒலிம்பிக் எடைப் பட்டியலில் சின்ன உடம்புக்காரர்களுக்கு இடமில்லாமல் போவதை உங்களிடம் சொன்னால் புரியும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் கூடத்தில் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. ஒரு வெயிட்டில், அதாவது ஒரு எடைப் பிரிவில், சாம்பியன் ஆனவர் பெரிய சண்டைக்காக மேல் வெயிட்டுக்குப் போகலாமா, இருந்த இடத்திலேயே இருக்கலாமா? 112 பவுண்டில் முதல் உலகப் பட்டம் வாங்கிய பாக்கியாவோ 154 வரை ஏறி எட்டு வெயிட்டுகளில் பட்டம் வாங்கவில்லையா என்பான் ஒருவன். 2025 செப்டம்பரில் கிராஃபோர்டு 168க்கு ஏறி வந்து கானெலோவையே வென்றாரே என்பான் இன்னொருவன். அதே கானெலோ 2022இல் 175க்கு ஏறி பிவோலிடம் தோற்றதை மூன்றாவது ஆள் எடுத்துப் போடுவான். இப்படியே போகும். கடைசியில் என்னிடம் வருவார்கள். ஏறுகிற முடிவை எடுத்தது யார், ஏற எவ்வளவு காலம் கிடைத்தது, இந்த இரண்டையும் முதலில் பாருங்கள் என்பேன். பாக்கியாவோவின் முதல் பட்டம் 1998, எட்டாவது 2010. நடுவில் பன்னிரண்டு வருடம். உடம்பு தானாக ஊறி வளர்ந்து ஏறிய ஏற்றம் அது.

இதில் எல்லாப் பக்கமும் நின்று பார்த்தவர் நீங்கள். 160 பவுண்டில் பட்டங்களைச் சேர்த்துக்கொண்டிருந்த காலத்தில், 168க்கு ஏறி ஆண்ட்ரே வார்டோடு மோது என்று எத்தனை பேர் கத்தினார்கள். நீங்கள் அசையவில்லை. 20 முறை பட்டத்தைக் காத்தீர்கள். எங்களில் சிலர் அதைப் பயம் என்றார்கள், எனக்கு அது நிதானமாகத்தான் பட்டது. உங்கள் வெயிட்டில் உங்களுக்கு வேலை மிச்சம் இருந்தது.

அப்புறம் 2016 செப்டம்பர், லண்டன். கெல் புரூக் அதுவரை தோல்வியே பார்க்காதவர், 147 பவுண்டு சாம்பியன். உங்களைச் சந்திக்க 160க்கு வந்தார். கெட்டிக்காரர், வேகமானவர், ஆரம்ப ரவுண்டுகளில் உங்கள் முகத்தில் நல்ல அடிகளை இறக்கினார். நீங்கள் அந்த அடிகளை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தீர்கள். அந்த நடையை நான் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஐந்தாவது ரவுண்டில், சண்டை போதும் என்று அவருடைய மூலையிலிருந்து டவல் பறந்தது. கண்குழி எலும்பு முறிந்திருந்தது. அடுத்த வருடம் தன் பழைய வெயிட்டுக்கே திரும்பி ஸ்பென்ஸோடு மோதினார். அன்று இன்னொரு கண்குழியும் முறிந்து, பட்டமும் போனது.

கடைசியாக 2022. நாற்பது வயதில் நீங்களே முதல்முறையாக 168க்கு ஏறினீர்கள், கானெலோவோடு மூன்றாவது சண்டைக்கு. புள்ளிகளில் தோற்றீர்கள். அதன்பின் நீங்கள் ரிங்கில் ஏறவே இல்லை.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். எங்கள் பிள்ளைகளின் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் சொன்னேன். 160இலிருந்து 168 என்றால் ஐந்து சதவீதம். புரூக் ஏறியது கிட்டத்தட்ட ஒன்பது சதவீதம். இப்போது லாஸ் ஏஞ்சலிஸ் 2028 பட்டியலை எடுங்கள். பெண்களில் ஆகக் குறைந்த வெயிட் 51 கிலோ, ஆண்களில் 55. உங்கள் உலகப் போட்டியில் பெண்களுக்கு 48 கிலோ இருக்கிறது, ஆண்களுக்கு 50 இருக்கிறது. அங்கே ஜெயித்தவர்கள் ஒலிம்பிக் போக வேண்டுமானால், 48 கிலோப் பெண் ஆறு சதவீதத்துக்கு மேல் ஏற வேண்டும். 50 கிலோப் பையன் பத்து சதவீதம் ஏற வேண்டும்! புரூக் தாண்டியதைவிட நீளமான தாண்டல். அவருக்காவது அதற்குப் பெரும் பணம் இருந்தது, வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தன் பட்டத்தோடு வீட்டில் இருக்கிற உரிமையும் இருந்தது. நாலு வருடத்துக்கு ஒருமுறை வருகிற ஒலிம்பிக்கை ஒரு கிராமத்துப் பெண்ணால் எப்படி வேண்டாம் என்று சொல்ல முடியும்?

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொழில்முறையில் எடை பார்ப்பது முந்தின நாள். இரவெல்லாம் குடித்துச் சாப்பிட்டு உடம்பை நிரப்பிக்கொள்ளலாம். எங்கள் அமெச்சூர் பக்கம் சண்டையன்று காலையில் தராசு, அதுவும் சண்டை இருக்கிற ஒவ்வொரு நாளும். அதனால் உடம்பின் நிஜமான அளவு இங்கே அதிகம் பேசும். 51இல் நிற்கிற பெண்களில் பலர் 53, 54இலிருந்து இறங்கி வருபவர்கள். 48 கிலோப் பெண்ணின் சாதாரண நாள் எடையே 49, 50தான் இருக்கும். காகிதத்தில் மூன்று கிலோ வித்தியாசம், ரிங்குக்குள் அது நாலைந்தாகிவிடும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு போட்டிக்கு என் மாணவி ஒருத்தியைக் கூட்டிப்போயிருந்தேன். எந்தப் போட்டி, யார் நடத்தியது என்பது இங்கே வேண்டாம். அவள் 48 கிலோ. போய்ச் சேர்ந்ததும், அந்த வெயிட்டில் ஆள் சேரவில்லை, மேலே இறக்குவதென்றால் இறக்குங்கள், இல்லையென்றால் திரும்பக் கூட்டிப்போங்கள் என்றார்கள். இரவு முழுக்க ரயிலில் உட்கார்ந்து வந்த பிள்ளை. என் முகத்தைப் பார்த்தாள். சரி என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை எடை பார்க்கும் அறை. தராசு 47.7 காட்டியது. மேல் வெயிட்டில் இறங்க 48ஐத் தாண்டியிருக்க வேண்டும். வரிசையில் நின்ற மற்ற பெண்கள் எல்லோரும் எடையைக் குறைப்பதற்காக முந்தின நாளிலிருந்து தண்ணீர் காட்டாத வாயோடு நின்றார்கள். உதடு வெடித்து, பாட்டிலில் எச்சில் துப்பிக்கொண்டு. அவர்கள் கண்ணெதிரே என் பிள்ளை அரை லிட்டர் பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தாள். மறுபடி ஏறினாள். 48.2. கையெழுத்துப் போட்டோம்.

அன்று சாயங்காலம் முதல் ரவுண்டில் அவளுடைய இடது கை அழகாகப் போனது. நாலு முறை நேர்த்தியாக விழுந்தது, எண்ணினேன். ஆனால் எதிரில் நின்ற பெண்ணின் தலை அசையவில்லை. நடுவர்களின் கண் தலை ஆடுவதைத்தான் பார்க்கிறது, உங்களுக்குத் தெரியாததில்லை. அடி விழுந்தும் தலை ஆடாவிட்டால், விழாத அடி மாதிரிதான். அதே கனமுள்ள ஆளிடம் அவளுடைய அடி பேசியிருக்கும். இரண்டாவது ரவுண்டில் அந்தப் பெண் அவளைக் கட்டிப்பிடித்து மேலே சாய ஆரம்பித்தாள். பெரிய அடி எதுவும் இல்லை, வெறும் பாரம். மூன்றாவது ரவுண்டில் என் பிள்ளையின் கால்கள் நின்றுவிட்டன.

காயம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஊருக்குத் திரும்புகிற ரயிலில் ரொம்ப நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவள், "மாஸ்டர், என் அடி கரெக்டாதானே விழுந்துச்சு?" என்று கேட்டாள். விழுந்தது என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அன்று காலை நான் சரி என்றிருக்கக் கூடாது.

ஊர்ப் போட்டியில் ஆள் சேராமல் நடந்தது அது. ஒலிம்பிக்கில் அதையே விதியாக எழுதி வைத்திருக்கிறோம்.

மேரி கோமை எடுத்துக்கொள்ளுங்கள். 2002இலிருந்து 2010க்குள் ஐந்து உலகப் பட்டங்கள், எல்லாமே 45 முதல் 48 கிலோ வரை. 2012இல் பெண்கள் குத்துச்சண்டை முதல்முறையாக ஒலிம்பிக்கில் நுழைந்தபோது கொடுத்தது மூன்றே வெயிட்: 51, 60, 75. ஆண்களுக்கு அப்போது பத்து. மணிப்பூரிலிருந்து வந்த, இரட்டைக் குழந்தைகளின் தாயான அந்தப் பெண் 51க்கு ஏறினார். அரையிறுதியில் நிக்கோலா ஆடம்ஸிடம் 6-11. வெண்கலம். நாங்கள் எல்லோரும் கொண்டாடினோம், நானும் தெருவில் மிட்டாய் கொடுத்தேன். ஆனால் ஆறு வருடம் கழித்து, 2018இல், தன்னுடைய 48 கிலோவில் டெல்லியில் ஆறாவது உலகப் பட்டத்தை வாங்கினார். அந்த வெயிட் ஒலிம்பிக்கில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. ஏறினதால் பதக்கம் வந்தது என்று சொல்கிறவர்களிடம், ஏறியும் பதக்கம் வந்தது என்று சொல்லித்தான் நான் திருத்துவேன்.

ஆண்களில் அமித் பங்கால். 2018 ஆசிய விளையாட்டில் 49 கிலோ இறுதியில் ரியோ ஒலிம்பிக் சாம்பியன் துஸ்மாதோவையே வென்றவர். டோக்கியோவுக்கு அந்த வெயிட்டை எடுத்துவிட்டார்கள். 52க்கு ஏறி, 2019 உலகப் போட்டியில் வெள்ளி வாங்கினார். டோக்கியோவில் முதல் சண்டையிலேயே தோல்வி. பாரிஸில் 51, அங்கும் முதல் சண்டையிலேயே தோல்வி. இப்போது பட்டியல் 55இல் தொடங்குகிறது. ஒரே மனிதர், ஒரே உடம்பு, அவருக்குக் கீழே இருந்த தரை மட்டும் மேலே மேலே போய்க்கொண்டே இருக்கிறது.

துஸ்மாதோவ் ஏறி ஜெயித்தாரே என்று உங்கள் குழுவில் யாராவது கேட்கலாம். உண்மைதான், பாரிஸில் 51 கிலோவில் தங்கம் அவருக்கு. லவ்லினாவும் டோக்கியோவில் 69இல் வெண்கலம் வாங்கி, அந்த வெயிட் போனதும் 75க்கு ஏறி 2023இல் உலக சாம்பியன் ஆனார். ஏறி வெல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் துஸ்மாதோவ் ஏறியது இரண்டு கிலோ. லவ்லினா நல்ல உயரம், அந்த எடையைத் தாங்க எலும்பு இருந்தது. 158 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண்ணை எதைத் தின்னச் சொல்லி வளர்ப்பது? சோறு போட்டால் வயிறு வரும், கை நீளுமா?

ஆண்களுக்கு 48 கிலோ எடை (பின்னாளில் 49 ஆனது) 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் வந்தது. அந்த முதல் போட்டியிலேயே வெனிசுவேலாவுக்கு அதன் முதல் ஒலிம்பிக் தங்கம் கிடைத்தது. பிலிப்பைன்ஸ் 1988, 1992, 1996 என்று அடுத்தடுத்து மூன்று ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியது இதே வெயிட்டில்தான். சீனாவின் ஜோ ஷிமிங் 2004இல் வெண்கலம், 2008இலும் 2012இலும் தங்கம். சின்ன உடம்புக்காரர்கள் நிறைந்த நாடுகளுக்கு இந்த விளையாட்டுக்குள் நுழைய இருந்த வாசல் அது. 2016 ரியோவோடு அதைச் சாத்தினோம்.

இடமில்லை என்பார்கள். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாரிஸில் ஆண்களுக்கு ஏழு வெயிட், தொடக்கம் 51. லாஸ் ஏஞ்சலிஸிலும் ஏழுதான், தொடக்கம் 55. பெண்களுக்கு ஆறிலிருந்து ஏழாகக் கூட்டியிருக்கிறார்கள், ரொம்ப நல்லது. ஆனால் தொடக்கம் 50இலிருந்து 51 ஆகிவிட்டது. இடம் ஒன்று கூடியும் சின்னப் பிள்ளைக்கு இடம் குறைந்திருக்கிறது. எண்ணிக்கையை ஒலிம்பிக் கமிட்டி சொல்லும், சரி. அந்த ஏழையும் எங்கே எங்கே வைப்பது என்பதில் குத்துச்சண்டை தெரிந்தவர்களின் வார்த்தை எடுபட வேண்டாமா?

கனமான பக்கத்தையும் நான் மறக்கவில்லை. 2025 செப்டம்பரில் லிவர்பூல் உலகப் போட்டியில் எங்கள் பெண்கள் நாலு பதக்கம் வாங்கினார்கள். 57 கிலோவில் ஜாஸ்மின் லம்போரியாவுக்குத் தங்கம். 48இல் மீனாட்சி ஹூடாவுக்குத் தங்கம். 80க்கு மேல் நூபுர் ஷியோரனுக்கு வெள்ளி, 80இல் பூஜா ராணிக்கு வெண்கலம். இந்த நாலில் ஒலிம்பிக் வெயிட் ஒன்றே ஒன்று, ஜாஸ்மினுடையது. மீதி மூன்று பேரும் ஏற வேண்டும், அல்லது இறங்க வேண்டும். பெண்களுக்கு 75க்கு மேல் கதவே இல்லை. ஆண்களுக்கு மட்டும் 90க்கு மேல் எவ்வளவு கனமானாலும் வா என்று திறந்து வைத்திருக்கிறோம். இது என்ன நியாயம்?

மீனாட்சி என்ற பெயரைக் கேட்டதும் எங்கள் கூடத்துப் பிள்ளைகளுக்கு நம்ம ஊர்ப் பெயர் என்று ஒரே குஷி. அவர் ஹரியானாவில் ரூர்க்கி என்ற கிராமத்து ஆட்டோ ஓட்டுநரின் மகள். இறுதியில் அவரோடு மோதியது உங்கள் கஜகஸ்தானின் நாசிம் கைசாய்பாய், பாரிஸில் 50 கிலோவில் வெண்கலம் வாங்கியவர். நல்ல சண்டை அது. இரண்டு பேருக்கும் ஒரே எடை. யாரும் யார்மேலும் சாயவில்லை, கையும் காலும்தான் பேசின. 4-1 என்று எங்கள் பெண் வென்றார். அன்று ரிங்கில் நின்ற இருவருக்குமே அந்த வெயிட்டில் லாஸ் ஏஞ்சலிஸில் இடம் கிடையாது.

51க்கு ஏறினால் மீனாட்சிக்கு முன்னால் நிற்பது யார்? 2022, 2023 இரண்டிலும் உலக சாம்பியனான எங்கள் நிகத் ஜரீன். உங்கள் கைசாய்பாய்க்கு முன்னால், 51இல் ஏற்கெனவே நிற்கிற உங்கள் நாட்டு அலுவா பால்கிபெகோவா. ஒரு நாட்டுக்கு ஒரு வெயிட்டில் ஒரே ஆள். மேரியும் நிகத்தும் 2019 டிசம்பரில் இதே 51 கிலோ இடத்துக்காகத் தேர்வுச் சண்டை போட்டு, முடிந்ததும் கைகூடக் கொடுக்காமல் போன காட்சியை நாங்கள் மறக்கவில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு பேர் உட்கார வேண்டிய இடத்தில் ஒரு நாற்காலி போட்டால் அப்படித்தான் ஆகும்.

நான் கேட்பது இதுதான். அடுத்த ஒலிம்பிக்கான எடைப் பட்டியலை எழுதும்போது கீழேயிருந்து தொடங்குங்கள். பெண்களுக்கு 48, ஆண்களுக்கு 50. அங்கே முதல் ஆணியை அடித்துவிட்டு, மீதியைப் பிரியுங்கள். பெண்களில் 51, 54, 57, 60 என்று மூன்று மூன்று கிலோவுக்கு ஒரு வெயிட் வைத்திருக்கிறீர்கள். 48, 52, 56, 60 என்று போட்டாலும் நாலுதான். நடுவில் இருப்பவருக்கு ஒன்றிரண்டு கிலோ முன்னே பின்னே ஆகும், அதைச் சமாளித்துக்கொள்வார். ஓரத்தில் இருப்பவரை வெளியே தள்ள வேண்டியிருக்காது. பெண்களின் கடைசி வெயிட்டுக்கு மேல்வரம்பு வேண்டாம். 2028க்குள் எதையும் மாற்ற முடியாது என்றால், 48இலிருந்து ஏறுகிற பிள்ளைகளுக்கு இப்போதிருந்தே ஒரு வழி சொல்லுங்கள். மாதாமாதம் மருத்துவர் பார்வையில் ஏறட்டும். நேற்று 48, இன்று தண்ணீர் குடித்து 48.2 என்று எந்தப் பிள்ளையும் தராசில் ஏறக் கூடாது. தன் வெயிட்டிலேயே இருந்து உலகப் பட்டத்தைக் காப்பேன் என்று ஒரு பெண் முடிவெடுத்தால், ஒலிம்பிக் வெயிட் இல்லை என்ற காரணத்துக்காக அவளுடைய பயிற்சி முகாம் இடத்தையும் உதவித்தொகையையும் எந்த நாட்டுச் சங்கமும் வெட்டாதபடி ஒரு விதி போடுங்கள்.

என் மாணவி இன்னும் 48 கிலோதான். லிவர்பூல் இறுதியைக் கூடத்தில் எல்லோரோடும் சேர்ந்து பார்த்தாள். முடிந்ததும், ஒலிம்பிக்கில் இந்த அக்கா எந்த வெயிட் என்று கேட்டாள். 51 என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் எழுந்து போய்க் கையில் துணி சுற்ற ஆரம்பித்தாள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு பயிற்சியாளன்,
வடசென்னை.